பாக்ஸ்வுட் குடும்பத்துக்குப் பங்காளி யார் என்று கண்டு சொன்ன பேராசிரியர் சிந்தாமணி அம்மையாருக்கு

மீன்சுருட்டி மண்ணில் முளைத்து, அரியலூர் வெயிலில் அசராது வளர்ந்து, பெரம்பலூர்ச் சாலையில் இருக்கும் நம் கல்லூரியில் பூத்துக் காய்த்துக் கனிந்து, முப்பத்தொரு ஆண்டுகள் விதை வீசிவிட்டு இன்று விடைபெறும் வித்தகியே. இலைக்காம்பைத் தொட்டே இனம் சொல்லும் இமயமே. காம்பு உதிர்ந்து போயிருந்தாலும் கண்ணை மூடிக் குலம் சொல்லும் கடலே. தாவரவியல் துறையின் தலைவியே, தாயே, தணிக்கை அதிகாரியே, வணக்கம்.

முறைப்படி ஒவ்வொரு விளிக்குப் பின்னும் ஒரு வியப்புக்குறி நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். எப்படியும் நீங்கள் சிவப்புப் பேனாவால் அடிப்பீர்கள் என்பதால் அவற்றை நானே பிடுங்கிவிட்டேன். "தாங்கள்" என்றும் எழுதப் போவதில்லை. அப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

நம் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுபவருக்கான பாராட்டு மடலை, அதே துறையில் அவருக்கு முன்பு கடைசியாக ஓய்வு பெற்றவர்தான் எழுத வேண்டும். ஊரில் வேலையில்லாதவன் அவன் ஒருவன்தான் என்பது இதற்குக் காரணம். அந்த வகையில், இருபத்தெட்டு ஆண்டுகள் உங்கள் ஹெர்பேரியத்தில் செடி காயவைத்துத் தாளில் ஒட்டிய உதவியாளனும், கடந்த இரண்டு ஆண்டுகளாக மதியத் தூக்கத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவனுமாகிய குருநாதன் என்னும் எனக்கு இந்தப் பேறு வாய்த்தது. துறையில் உள்ள ஒன்பது பேரிடமும் முதலில் கையெழுத்தை வாங்கினேன். மடலை அதற்குப் பிறகு எழுதினேன். ஆகவே இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் ஒன்பது பேரும் பொறுப்பு. உறையை ஒட்டி, மேடையில்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, உங்கள் மாணவியும் உங்களுக்குப் பின் துறையை நடத்தப் போகிறவளுமான நர்மதாவிடம் கொடுத்திருக்கிறேன். நர்மதா, எங்கேயும் நிறுத்தாமல் வாசி. தண்ணீர் குடிக்க வேண்டிய இடத்தை நானே சொல்கிறேன்.

அவையோர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை ஏழாம் எண் அறை காலி செய்யப்படுகிறது. அந்த அறைதான் ஹெர்பேரியம். பன்னிரண்டு அலமாரிகளில் நாலாயிரத்து முந்நூறு செடிகள், தாள் தாளாக, பெயரோடும் ஊரோடும் பறித்த தேதியோடும் அங்கே படுத்திருக்கின்றன. அறை கணினி வகுப்பறை ஆகிறது. தாள்கள் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்குக்குப் போகின்றன. கிடங்கில் ஏற்கெனவே கரையான் குடியிருக்கிறது. நல்ல பசியோடு இருக்கிறது. நான்காம் அலமாரியைப் புதிய வகைப்பாட்டின்படி அடுக்கும் வேலையில் நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள். சித்திரை மாதம் தாளாளர் ஐயாவிடம் போய் ஒரே ஒரு முறை கேட்டீர்கள்.

"அடுக்கி முடிக்க இன்னும் எட்டு மாசம் ஆகுங்க சார். சம்பளமெல்லாம் வேணாம். அறையை அப்படியே விட்டு, சாவியை மட்டும் குடுங்க."

"பாக்கலாம் மேடம்" என்றார்கள்.

நம் கல்லூரியில் "பாக்கலாம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சைக்கிள் ஸ்டாண்டு காவலாளி வரை அறிவோம். அதற்குப் பிறகு நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுவேன், கடைசியில். முதலில் வந்த வேலையைப் பார்க்கிறேன்; உங்களைப் புகழ வேண்டும்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் உண்டு, பருத்தி உண்டு, மக்காச்சோளம் மலை மலையாக உண்டு. அரியலூரில் முந்திரியும் சுண்ணாம்புக் கல்லும் உண்டு. இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் காட்டில் தானாக முளைத்துக் கிடைக்காதது பாக்ஸ்வுட் குடும்பத்துச் செடி. சீப்பும் சதுரங்கக் காயும் செதுக்க உதவும் இறுகிய மரம் அது. நம் பக்கத்தில் அதன் நிழல் கூட விழுந்ததில்லை. ஊரில் இல்லாத ஒரு குடும்பத்துக்காக ஊரில் இருந்துகொண்டே முப்பத்தொரு ஆண்டுகள் வாதாடிய வழக்கறிஞர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. எனவே மறுப்பவரும் இல்லை.

எப்படி வந்தது இந்த வழக்கு? திருச்சியில் நீங்கள் ஆய்வுக்குச் சேர்ந்த அன்று, உங்கள் வழிகாட்டி தாவரக் குடும்பங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினாராம். ஒருவருக்கு அவரைக் குடும்பம் வந்தது, ஒருவருக்குப் பூசணிக் குடும்பம். ஆராய்ச்சி முடிந்ததும் சமைத்துச் சாப்பிடலாம். உங்களுக்கு பாக்ஸ்வுட். வழிகாட்டிக்கே பாவமாகப் போய், "சீட்டை மாத்திக்கறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"வந்தது வந்துட்டு போவுதுங்க சார். வூட்டுக்கு வந்த விருந்தாளிய அடுத்த வூட்டுக்கா அனுப்பறது?"

அன்று வந்த விருந்தாளி இன்று வரை போகவில்லை.

அந்த விருந்தாளியின் பிறப்பைப் பற்றித்தான் எத்தனை வதந்தி. பழைய நூல்கள் பாக்ஸ்வுட்டை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தன. இரண்டுக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டின் காயிலும் மூன்று அறை. போதாதா? திருச்சிக் கருத்தரங்கில் ஒரு மூத்த பேராசிரியர் இதையே எழுந்து நின்று சொன்னார். நீங்கள் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. மைக் வரும்வரைக்கும் காத்திருக்கவில்லை.

"மூணு ரூமு இருக்கற வூடெல்லாம் ஒரே ஆளு வூடா சார்? சூல் எந்தப் பக்கம் திரும்பித் தொங்குதுன்னு பாருங்க. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

அந்தக் குரலில் மண்டபத்தின் மின்விசிறிகள் ஒரு சுற்று நின்று பின் சுற்றின. அரியலூர் அருங்காட்சியகத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரே பக்கமாகப் படுத்திருந்த கல் நத்தை ஒன்று திரும்பிப் படுத்தது. சாட்சி நான்தான். நத்தைக்கும் அதில் ஒரு உரிமை உண்டு. அரியலூர் கடலாக இருந்த காலத்திலேயே எங்கோ கரையில் இந்தக் குடும்பத்தின் முன்னோர் பூத்துவிட்டார்கள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். பிற்பாடு மரபணு பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்: இது ஆமணக்கின் கிளை இல்லை, பூக்கும் செடிகளின் பெருங்கூட்டம் பல கிளைகளாகப் பிரிவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிப் போன பழைய கிளை, தனி வரிசை. செய்தி வந்த அன்று ஆமணக்குக்காரர்களுக்கு நீங்கள் மன்னிப்பே வழங்கிவிட்டீர்கள். அவர்கள் கேட்கவில்லை என்றாலும்.

உங்கள் வகுப்பை மறக்க முடியுமா? நான் தாளில் பசை தடவிக்கொண்டே அதை இருபத்தெட்டு முறை கேட்டிருக்கிறேன். மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் தேறாமல் தொடர்ந்து படித்தவன்.

"மூஞ்சி ஒண்ணா இருந்தா பங்காளி ஆயிடுமாய்யா? கல்யாண மண்டபத்துல சந்தனம் பூசிக்கிட்டு முதப் பந்தியில உக்காந்துட்டா மாப்ள வூட்டுக்காரனா? யாருக்கு யாரு பொறந்தாங்கன்னு கேளுங்க. அதுதான் வகைப்பாடு."

அப்படி முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தது ஜோஜோபா. ஷாம்பு பாட்டிலில் பெயர் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்துச் செடி, நெடுங்காலம் பாக்ஸ்வுட் குடும்ப இலையில் சாப்பிட்டது. பிறப்பைப் பார்த்தால் அது தண்டுக்கீரையும் சப்பாத்திக்கள்ளியும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. "நீ வேற கல்யாணத்துக்கு வந்த ஆளுப்பா, இலைய மடிச்சிட்டு எந்திரி" என்று அந்தத் தாளை நான்காம் அலமாரியிலிருந்து எடுத்து ஒன்பதாம் அலமாரிக்கு நீங்களே கொண்டுபோனீர்கள். திட்டிக்கொண்டே போனாலும் ஓரம் மடங்காமல் இரண்டு கையிலும் ஏந்திப் போனீர்கள்.

வெளியே அனுப்பியது ஒன்று. உள்ளே அழைத்தது இரண்டு. மடகாஸ்கரில் தனிக்குடித்தனம் நடத்திய டிடிமெலஸ் என்ற மரம் பாக்ஸ்வுட் குடும்பத்தில் சேர்ந்தது. ஹோண்டுராஸ் நாட்டில் ஹாப்டாந்தஸ் என்றொரு மரம். பெயர் வைத்தவர்களுக்கே அது எந்தக் குடும்பம் என்று தெரியாமல், இருபது ஆண்டுகள் ரேஷன் கார்டு இல்லாமல் நின்றது. அதுவும் பாக்ஸ்வுட் உறவுதான் என்று தெரிந்த அன்று, துறை முழுவதற்கும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தீர்கள். மரத்தின் ஓர் இலை கூட நம்மிடம் இல்லை. இருந்தும் அதன் பெயரெழுதி ஒரு காலி உறையை அலமாரியில் வைத்தீர்கள். ஏனம்மா என்று கேட்டேன். "வந்தா உக்கார இடம் இருக்கணும்ல" என்றீர்கள். அந்த உறை இன்னும் காலியாக, தூசி தட்டப்பட்டு, காத்திருக்கிறது. திங்கட்கிழமை அதுவும் கிடங்குக்குப் போக வேண்டும்.

இனி வரும் பகுதியை எழுத எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நர்மதா, கொஞ்சம் மெதுவாக வாசி.

அந்த ஆண்டு இரண்டு சேகரிப்புகள் ஒரே வாரத்தில் வந்தன. நான் மாணவர்களோடு பச்சைமலை போய், சிலோன் பாக்ஸ்வுட் என்று சொல்லும் மரத்தின் கிளையைப் பறித்து வந்தேன். பெயரில்தான் பாக்ஸ்வுட், பிறப்பில் காப்பிக் குடும்பம். சுற்றுலா போன இன்னொரு கூட்டம் கொடைக்கானல் சோலைக்காட்டிலிருந்து சார்க்கோகாக்காவைக் கொண்டுவந்தது. அது அசல் பாக்ஸ்வுட் வாரிசு. தேர்வுத்தாள் திருத்தப் போயிருந்த நீங்கள் இரண்டு பயணத்திலும் இல்லை. செடியைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, தினமும் ஈரத்தாளை எடுத்துக் காய்ந்த தாள் வைப்பது என் வேலை. அப்போது செடியின் பெயரும் பறித்த இடமும் எழுதிய டேக் அவிழும். திரும்பக் கட்ட வேண்டும். இரண்டு டேக்கிலும் செடியின் பெயரை "பாக்ஸ்வுட்" என்று சுருக்கமாக எழுதி வைத்திருந்த மகா புத்திசாலி நான். மாற்றிக் கட்டினேன். கொடைக்கானல் செடி பச்சைமலைச் செடி ஆனது.

நீங்கள் திரும்பி வந்து பார்த்தீர்கள். நம் பச்சைமலையில், நம் வீட்டுக் கொல்லைக்கு அருகில், பாக்ஸ்வுட் குடும்பத்துச் செடி. அன்று உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தில் ஒரு கிராமத்துக்கு மின்சாரம் கொடுத்திருக்கலாம். இல்லாத குடும்பம் என்று கேலி பேசியவர்களுக்குப் பதில் கிடைத்தது. ஆய்வேட்டின் நான்காம் இயலை முழுவதும் அந்த ஒரு தாளின் மேல் எழுப்பினீர்கள். தட்டச்சு முடிந்து, பைண்டிங் போக இரண்டு நாள் இருந்தது. அந்தச் செடியின் மிச்சப் பிரதி ஒன்று, பறித்த ஊரில் வாங்கிச் சுற்றிய செய்தித்தாளிலேயே மடித்துக் கிடந்தது. அதை ஒட்டுவதற்காகப் பிரித்தீர்கள். செடியைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தீர்கள்.

"குருநாதன், இங்க வாங்க. இது மதுரைப் பதிப்பு."

"ஆமாங்கம்மா."

"பச்சமல ஆளு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் நிலவரத்தை எதுக்குங்க படிக்கிறான்?"

நீங்கள் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தீர்கள். பிறகு நான்காம் இயலை, நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும், கட்டி மேஜைக்கு அடியில் வைத்தீர்கள். முனைவர் பட்டம் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. அந்த மூன்று ஆண்டில் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உங்களைத் தாண்டி மேலே போனார்கள். நீங்கள் அவர்களுக்கு வாழ்த்து அட்டை வாங்கிக் கொடுத்தீர்கள்.

ஹெர்பேரியத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தவறான சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரும் தேதியும் போட்டு ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் ஒரே தாளில் காலம் முழுவதும் சேர்ந்து இருக்கும். நீங்கள் ஒட்டிய சீட்டை நான் மறுநாள் படித்தேன். "இடம் கொடைக்கானல். முந்தைய குறிப்பு பிழை. பிழைக்குப் பொறுப்பு: சிந்தாமணி."

"அம்மா, நான் பண்ணதுக்கு உங்க பேரை ஏம்மா போட்டீங்க?"

"டேக்கு கட்டினது நீங்க, சரி பாக்காம நம்பினது நானு. சீட்டுல நம்புனவ பேருதான் வரணும். போயி டீ சொல்லுங்க, தலைய வலிக்குது."

அதற்குப் பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரு நாள், ஒரு பேச்சில், ஒரு கோபத்தில் கூட அதை எடுத்ததில்லை. மற்றவற்றுக்கெல்லாம் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். பசை அதிகம், பசை குறைவு, இலை தலைகீழ், மூச்சு விடும் சத்தம் அதிகம். இதற்கு மட்டும் இல்லை. நான் இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் மிகைப்படுத்தல் உண்டு. ரஞ்சன்குடிக் கோட்டையை மூன்று சுற்றுச் சுற்றி மிச்சத்தைப் பூலாம்பாடி வரை விரிக்கும் அளவுக்கு உண்டு. இந்தப் பத்தியில் இல்லை.

அறையைக் காலி செய்யும் முன் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லி, அலுவலகத்தில் நேற்று என்னைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார்கள். நான்காம் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். பசை அளவாக. "டேக் மாற்றிக் கட்டியது: குருநாதன்." பெயர் போட்டேன், தேதி போட்டேன். கட்டுப்பாட்டின்படி உங்கள் சீட்டைக் கிழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்; கரையானுக்கு அந்த வேலை வேண்டாம்.

நர்மதா இப்போது தண்ணீர் குடிக்கலாம்.

இனி இந்த மடலின் மங்கலமான பகுதி. கல்விக்குக் காவலராய், கனிவுக்குக் கருவூலமாய், இந்த மேடையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் நம் தாளாளர் ஐயா அவர்கள், ஏழாம் எண் அறையை இருந்தது இருந்தபடியே விட்டுவைக்கவும், நான்காம் அலமாரி அடுக்கி முடியும் வரை அதன் சாவியை உங்களிடம் ஒப்படைக்கவும், அதை இன்று இப்போது இதே மேடையில் தம் கையாலேயே வழங்கவும் மனமுவந்து இசைந்திருக்கிறார்கள். இந்த முடிவை அவையோர் எழுந்து நின்று கைதட்டி வரவேற்கிறார்கள்.

தாம் இசைந்த செய்தி தாளாளர் ஐயாவுக்கும் இந்த நொடியில்தான் தெரியும். நல்ல மனம் படைத்தவர்களுக்குத் தங்கள் நல்ல முடிவு கடைசியாகத்தான் தெரியவரும்.

அம்மா, எழுந்திருக்காதீர்கள். "நடக்காததை எழுதாதீங்க குருநாதன்" என்று சொல்லத்தானே எழுகிறீர்கள்? உட்காருங்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறேன். இந்த மடலின் இன்னொரு பிரதி கண்ணாடிச் சட்டத்துக்குள், துணி மூடி, மேடையில் இருக்கிறது. அதை அலுவலக வாசலில், சேர்க்கைக்கு வரும் பெற்றோர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டப் போகிறார்கள். அதன் கீழ் மூலையில் கையகல இடம் விட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கண்ணாடி போடவில்லை. மேலே சொன்ன வாக்கியம் பிழை என்றால், தாளாளர் ஐயா "சாவி தரப்படவில்லை" என்று தம் கையால் சீட்டெழுதி, பெயரும் தேதியும் இட்டு, அங்கே ஒட்டிக்கொள்ளலாம். பசை என் பையில் இருக்கிறது. என் வாக்கியத்தைக் கிழிக்க மட்டும் கூடாது. கிழித்துப் பழகாத துறை இது.

எட்டு மாதம் என்று கேட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். எட்டு ஆண்டுகள் ஆகும். அசல் பாக்ஸ்வுட்டான பக்ஸஸ் ஒரு தட்டில், சார்க்கோகாக்காவும் அதன் நெருங்கிய பங்காளிகளும் அடுத்த தட்டில், டிடிமெலஸ் புதுமருமகள்போல ஓரத்தில், ஹாப்டாந்தஸின் காலி உறை நடுவில். எல்லாம் அடுக்கி முடித்துக் கதவைச் சாத்தும்போது யாராவது புதிய ஆய்வோடு வந்து, முழுவதும் தப்பு என்று சொல்லட்டும். நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். அந்த ஆயுள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். கண் மங்காமல், கை நடுங்காமல், சிவப்புப் பேனாவில் மை தீராமல், பாக்ஸ்வுட்டைப்போல மெதுவாக வளர்ந்து, இறுகி, எந்தப் பருவத்திலும் இலை உதிராமல் நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். நூறு போதாது என்றால் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வோம்.

நேற்று என்னிடம் கொடுத்த சாவி அந்தச் சட்டத்தின் பின்பக்கம், ஒரு நூலில் தொங்குகிறது. தாளாளர் ஐயா திருப்பி எடுத்துக் கொடுத்தால் போதும். அதில் ஒரு டேக் கட்டியிருக்கிறேன். இடம்: ஏழாம் எண் அறை. குடும்பம்: பாக்ஸ்வுட். பொறுப்பு: சிந்தாமணி. கட்டியவன் பெயரும் இருக்கிறது.

மூன்று முறை சரிபார்த்தேன் அம்மா. இந்த முறை மாறவில்லை.

முதலில் கையெழுத்திட்டு, இப்போதுதான் உள்ளடக்கம் அறிந்து, அறிந்தபின்னும் கையெழுத்தைத் திரும்பப் பெற மறுக்கும்
தாவரவியல் துறையினர் ஒன்பதின்மர்

எழுதியவன்: குருநாதன், ஹெர்பேரிய உதவியாளன், ஓய்வு

சீட்டு ஒட்டும் இடம்: